நாலு பேர், மூன்று தடம்

இந்தக் கதையின் வாலில் ஒரு சிரிப்பு கட்டியிருக்கிறது. சின்னச் சிரிப்பில்லை, வயிறு குலுங்கி, தொடையில் அறைந்து, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணி வழிய ஒரு மனிதர் சிரிக்கிற சிரிப்பு. அது வரும், சத்தியமாக வரும், ஆனால் இப்போது வராது, ஏனென்றால் அந்த மனிதர் முதலில் காரில் ஏறவேண்டும், காரில் ஏறி மலைக்குப் போகவேண்டும், மலைக்குப் போவதற்கு முன்னால் செத்துப்போகவேண்டும். செத்துப்போகிற வேலையை மட்டும் அவர் ஜனவரி எட்டாம் திகதியே முடித்துவிட்டார். மிச்சத்துக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

அவர் பெயர் குகநேசன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுவிஸுக்கு வந்து, இருபத்தைந்து வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் நின்றவர். அந்த இருபத்தைந்து வருடமும் குசினி யன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை மலை நின்றது. ஒருநாளும் அவர் அங்கே போனதில்லை, அதுவும் இங்கே வந்ததில்லை. இருபத்தைந்து நிறைந்தபோது, குடும்பத்தோடு ஒரு கிழமை மலையில் தங்கிவாருங்கள் என்று இல்லத்துக்காரர்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைக் குளிர்ப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்து, பெப்ரவரிப் பள்ளிக்கூட விடுமுறைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர், ஒரு திங்கட்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்குச் சட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். எழும்பவில்லை.

எரித்தார்கள். எட்டாம் நாள் செலவு என்கிற சடங்கைச் செய்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, செத்தவரை 'இனிப் போய்வாருங்கோ' என்று முறையாக வழியனுப்பிவைக்கிற நாள், ஒரு புதன்கிழமையில் வந்து விழுந்தது. இங்கேதான் பிழை நடந்தது, அதுவும் புலம்பெயர்ந்த தமிழர் மட்டும் விடக்கூடிய பிழை. பிறந்தநாளும் சாமத்திய வீடும் கல்யாணமும் இங்கே சனி ஞாயிறில்தான் நடக்கும், நாளும் நட்சத்திரமும் மண்டபத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும், சாவு மட்டும் என்ன, அதற்கு என்ன தனிச் சட்டம்?

"புதன்கிழமை ஆர் வருவினம்?" என்றார் பிள்ளைகளின் பெரியம்மா. ஐயரோ தொலைபேசியில் தொண்டையைச் செருமி, மூக்கால், "இருபத்திநாலாம் திகதி சனிக்கிழமை பத்தரைக்கு வைப்பம் அம்மா, அதுவரைக்கும் ஆத்துமா பொறுக்கும்," என்றார்.

ஆத்துமா பொறுத்தது. ஆனால் வீட்டில் சும்மா இருந்து பொறுக்கவில்லை.

பெப்ரவரி பத்தாம் திகதி, சனிக்கிழமை காலை, மலைப் பயணம் தொடங்கவேண்டிய நாள். சாவுத் துடக்குக் கழியாத வீட்டுக்காரர் மலையில் ஏறுவதா என்று குகநேசனின் மனைவி சுகிர்தா விடுதிக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொல்ல வாயெடுத்த நேரம், கீழே போன ஏழு வயது மகன் கீரன் படியில் தடதடவென்று ஏறி வந்தான்.

"அம்மா, அப்பா காருக்குள்ள இருக்கிறார். பிந்திப்போச்சாம். கத்துறார்."

இறங்கிப் பார்த்தார்கள். முன்னால், சாரதிக்குப் பக்கத்து இருக்கையில், பட்டி மாட்டி, கம்பளித் தொப்பி போட்டு, குகநேசன் இருந்தார். "என்ன படமே காட்டுறியள் அங்க நிண்டு? ஒன்பதரைக்கு வெளிக்கிடோணும் எண்டு எத்தனை தரம் சொன்னனான்? ஏறுங்கோ, ஏறுங்கோ!"

சுகிர்தா மாடிப்படிக்குக் கீழே நின்று, கைத்தொலைபேசியை வாயோடு ஒட்டிவைத்து அக்காவிடம் கேட்டாள். பெரியம்மா ஒரு மூச்சுக்கூட வீணாக்கவில்லை.

"தான் செத்தது அவருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சமாதிரிக் காணேல்லை அக்கா. சத்தம் போடுறார்."

"அப்ப வாயைத் திறவாதை. செத்த ஆக்கள் தெரியாதமட்டும் நிப்பினம், தெரிஞ்சா ஒரு நிமிசம் நிக்கமாட்டினம். இருபத்திநாலாம் திகதி மண்டபத்தில ஐயர் பக்குவமாச் சொல்லட்டும்."

"அப்ப கூட்டிக்கொண்டு போகவோ?"

"காரில ஏறி இருக்கிற மனிசனைப் பிடிச்சு இறக்கவோ போறாய்? நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதை, அவருக்குக் கழுத்துச் சால்வை எடுத்து வைச்சனியோ?"

இந்தப் பேச்சைச் சொல்லுக்குச் சொல், இருமலுக்கு இருமல், அதே குரலில் உங்களுக்குத் திருப்பிச் சொல்லக்கூடிய ஒருத்தி அந்தப் படிக்கட்டில் நின்றாள். குகநேசனின் மகள் ஆரபி. பதினாறு வயது. அவள் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. ட்ராமில் அடுத்த தரிப்பிடம் சொல்கிற பெண், கணக்கு வாத்தியார், ஐயர், பெரியம்மா எல்லாரும் அங்கே முறைவைத்து இருந்தார்கள், கூப்பிட்டால் வந்தார்கள். பெரியம்மாவின் குரலில் மாமா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, இருபது பேர் வருகினம், இருநூறு இடியப்பம் அவிச்சு வையுங்கோ என்று சொன்னவள் அவள். குடும்பமே அவளை ஏச, குகநேசன் மட்டும் குசினி நிலத்தில் இருந்து சிரித்தார். அவர் சிரித்தால் கீழ்வீட்டு மனிசி நிலம் கூட்டுகிற தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். ஜனவரி எட்டுக்குப் பிறகு தும்புத்தடி இடிக்கவில்லை.

ஆகவே ஆரபி கார்க் கதவைத் திறக்கும்போதே முடிவெடுத்துவிட்டாள். இதுவரை செய்த பகிடியெல்லாம் பழக்கம் பார்த்தது. இதுதான் பகிடி: செத்த ஒரு மனிதரை அவர் இருப்பதாகவே நம்பவைப்பது. பிடிபட்டால் அப்பா போய்விடுவார், பிடிபடாவிட்டால் நிற்பார், விளையாட்டின் சட்டம் இவ்வளவுதான். இருபத்திநாலாம் திகதியைப் பற்றியும் அவள் கவலைப்படவில்லை. பெரியம்மாவின் குரலில் ஐயருக்கு ஒரு தொலைபேசி, ஐயரின் குரலில் பெரியம்மாவுக்கு ஒரு தொலைபேசி; அந்தியேட்டி அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம், பிறகு ஒருக்காலும் இல்லை.

கால்ற்மாட் என்பது கடைசி பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிற சின்ன மலையூர். விடுதியை நடத்தியவள் றேகுலா என்கிற எழுபது வயதுக்காரி. அப்பா வெளியே நின்று மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆரபி அவளிடம் உள்ளதைச் சொன்னாள், சொல்லாவிட்டால் மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைதான் வைப்பாள்.

"நாலு பேர். அதில் ஒருவர் செத்தவர். துடக்குள்ள எங்களுக்கு மட்டும்தான் தெரிவார், உங்களுக்குத் தெரியமாட்டார். அவருக்கு அது தெரியாது. சொல்லிவிடாதீர்கள்."

றேகுலா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "காலையில் கோப்பியா, தேநீரா?"

"தேநீர். பால் கூட."

"நல்லது. இங்கே பனிச்சரிவில் செத்துப்போன தபால்காரர் ஆறு கிழமை கடிதம் கொண்டுவந்தார். ஒரு விலாசமும் பிழைக்கவில்லை," என்றாள், நாலாவது சாவியையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

பனிச்சப்பாத்துக் கொடுக்கிற உவேலியும் அப்படியே. பனிச்சப்பாத்து என்றால் சப்பாத்தில்லை. சுளகுபோல அகன்ற தட்டு, அடியில் இரும்புப் பல், மேலே இறுக்குகிற வார். ஆளின் பாரத்தைப் பனியில் பரப்பிவிடும், கால் புதையாது. ஆளின் நிறையைப் பார்த்துத்தான் அளவு தருவார்கள். "எத்தனை கிலோ?" என்று உவேலி வெறும் முக்காலியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "எண்பத்திரண்டு. கோட்டோட எண்பத்தைஞ்சு," என்றார் முக்காலியில் இருந்த குகநேசன். ஆரபி கேட்டதைச் சொன்னாள். உவேலி எல்லாவற்றிலும் பெரிய சோடியை எடுத்துவந்து, முழங்காலில் இருந்து, ஒரு பாதத்தின் நீளத்துக்குக் காற்றை விட்டு வாரை இறுக்கினார்.

"சுளகைக் காலில கட்டிக்கொண்டு நடக்கிற சனம்," என்று அப்பா சிரித்தார். மலை முழுக்கக் கேட்கவேண்டிய சிரிப்பு. மூன்று பேருக்கு மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் நடை. அப்போதுதான் ஆரபிக்கு விளங்கியது. முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் அப்பா சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தார், கோப்பையில் சூப் அப்படியே இருந்தது. அம்மா யாரும் பார்க்காமல் அதை எடுத்துக் குடித்தபோது அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, வெந்நீர். சாரத்தை அவர் எடுத்துக்கொண்டார், சக்கையை விட்டுவிட்டார். பனிச்சப்பாத்தும் அப்படித்தான். அப்பா வாரை இறுக்கி, எழும்பி, சுளகு மாதிரி அகலக் கால்வைத்து நடந்து போனார். சிவப்புச் சப்பாத்துச் சோடி விடுதிப் படியிலேயே கிடந்தது. அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை. அவர் தோளில் விழுந்த பனி தோளில் நிற்காமல், தோளே இல்லாததுபோல நிலத்துக்குப் போனது. அவர் நடந்த இடத்தில் பனி, இரவு விழுந்தது விழுந்தபடி, விரித்த வேட்டிபோலக் கிடந்தது.

பத்தடி போனதும் அவர் திரும்பிப் பார்க்கப் பார்த்தார். நடக்கிறவன் தன் தடத்தைத் திரும்பிப் பார்க்காமல் விடுவானா? ஆரபி இடையில் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, தொலைக்காட்சியில் காலநிலை சொல்கிறவரின் குரலில் குகநேசன் குடும்பத்துக்கு மட்டும் இன்று வெயில் என்று அறிவித்தாள். அப்பா சிரித்துவிட்டு முன்னால் திரும்பினார். அன்று முழுக்க அவள் பதினேழு தரம் பாய்ந்தாள், பதினேழு குரல் எடுத்தாள், பின்னேரம் தொண்டை கட்டிவிட்டது.

திங்கட்கிழமை அவள் தன்னுடைய சின்னச் சப்பாத்தை அறையில் விட்டுவிட்டு, படியில் கிடந்த அப்பாவின் பெரிய சோடியை மாட்டினாள். மாட்டி, அவருக்குப் பின்னால், அவர் கால் எடுத்த இடத்தில் அவள் கால் வைத்து, அவர் இடது என்றால் இடது, அவர் வலது என்றால் வலது, நிழல்போல, வால்போல நடந்தாள். இப்போது அப்பா திரும்பிப் பார்த்தார். சரிவு முழுக்க எண்பத்தைந்து கிலோ மனிதன் ஒருவனின் அகலமான, நேரான, ஒரு பிசகும் இல்லாத தடம்.

"பாரும் சுகி!" என்று கத்தினார். "பாரும், றோட்டுப் போட்டமாதிரி! ஆர்ர அடி? என்ர அடி!" ஒவ்வொரு மேட்டிலும் நின்றார், திரும்பினார், பார்த்தார், பெருமைப்பட்டார். மத்தியானம் பாண் தின்ன இருந்தபோது மஞ்சள் சொண்டு மலைக்காகங்கள் எங்கிருந்தோ இறங்கி வந்து, மூன்று பேரின் பாணைத் தொடாமல், அப்பாவின் முன்னால் இருந்ததை மட்டும் கொத்தித் தின்றன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பழகின காகங்கள்," என்றார் அப்பா சந்தோசமாக.

ஊரும் பழகியது. ஒரே ஒரு கரைச்சல், அப்பாவின் பேச்சு அவர்களுக்குக் கேட்காது, ஆகவே பதில் வராது. ஆரபி அதற்கும் வழி பண்ணினாள். "நான் பின்னால நின்று தட்டினால் வாயைத் திறவுங்கள், மறுபடி தட்டினால் மூடுங்கள், மிச்சம் என்னுடையது." கால்ற்மாட் சனம் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. அப்பா கேட்பார், றேகுலா வாயைத் திறப்பாள், றேகுலாவின் கரகரத்த குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பாற்காரன், பாண்காரி, கோவில் மணியடிக்கிறவர், எல்லாரும் சத்தமில்லாமல் வாயை ஆட்டினார்கள். தெருவில் கண்டால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், அவர் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

"ஏன் பிள்ளை, இந்த ஊராக்கள் எல்லாருக்கும் வாக்குக் கண்ணோ?" என்றார் அப்பா. "றேகுலாவுக்கு வாய் முந்துது, சத்தம் பிந்துது."

"மலையில காத்து மெல்லிசு அப்பா. சத்தம் வந்துசேர நேரமெடுக்கும்."

"ஓமோம், படிச்சிருக்கிறன்," என்றார்.

கீரன்தான் பயம். அவனுக்கு ஒரு சொல் தடைசெய்யப்பட்டிருந்தது. அவனுடைய பொம்மைக் காரில் பற்றரி தீர்ந்தபோது, "அக்கா, பற்றரி செ..." என்று தொடங்கி, கண்ணை உருட்டி, "பற்றரி நித்திரை," என்று முடித்தான். அம்மா அவன் தலையைத் தடவி, குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்துக்கும் அழுகைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அப்பா செத்துப்போயிருக்கவில்லை.

புதன்கிழமை உச்சிக்குப் போனார்கள். உச்சியில் இருந்து இளைப்பாற ஒரு மரவாங்கு. அதில் ஏறி நின்றால் காலையிலிருந்து நடந்த சரிவு முழுவதும் கீழே ஒரு வெள்ளைக் கடதாசிபோலத் தெரியும், அதில் யார் யார் என்ன எழுதினார்கள் என்பதும் தெரியும். அப்பா ஏறி நின்றார். தன் தடத்தைப் பார்த்தார், பெருமைப்பட்டார். பக்கத்தில் சுகிர்தாவின் சின்னத் தடம். குறுக்கும் மறுக்குமாக, பூனை குட்டியைத் துரத்தினமாதிரி, கீரனின் தடம். அப்பா விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. வாங்கைப் பார்த்தார். நாலு பேர்.

மறுபடி மடக்கினார். மூன்று.

ஆரபிக்கு அந்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஐயரின் குரலில் மலைக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் அப்பாவின் தடத்தைப் போட்டதில் தன் தடத்தைப் போட மறந்ததை, நாலு பேருக்கு மூன்று தடம் என்பதை, இவ்வளவு கெட்டிக்காரி எண்ணிப் பார்க்கவில்லை. அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேயின் கால் நிலத்தில் படாது என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். சுகிர்தா குளியலறையில் அழுதது, கீரன் ஒரு சொல்லை விழுங்கிவிழுங்கிப் பேசியது, பெரியம்மா ஒருநாளைக்கு ஆறுதரம் தொலைபேசி எடுத்தது, ஊர்ச்சனம் இந்தக் குடும்பத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றியது, கழற்றிவிட்டுக் கொஞ்சம் தள்ளி, அவருக்குப் பின்னால் எப்போதும் நிற்கிற ஒருத்தியை அனுதாபத்தோடு பார்த்தது, எல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி வந்து வரிசையில் நின்றன. இந்த வீட்டில் ஒருவர் செத்துவிட்டார். அந்த ஒருவருக்கு அது தெரியாது. எல்லாருமாகச் சேர்ந்து மறைக்கிறார்கள். குகநேசன் எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஆள் மட்டும் மாறிவிட்டது.

ஆரபி மந்திரத்தை முடித்து, தட்சணை கேட்டுக் கையை நீட்டினாள். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மீனில் முள்ளெடுத்து முள்ளெடுத்து அவள் கோப்பையில் வைத்தார். கோப்பையில் ஒன்றும் வந்து விழவில்லை, அவள் அந்த ஒன்றுமில்லாததை முள்ளுக்கரண்டியால் எடுத்து வாயில் வைத்து "நல்ல ருசி" என்றாள். யன்னல் பக்கக் கதிரையை அவளுக்குக் கொடுத்தார். "குளிருதோ பிள்ளை?" என்று கேட்டார், "ஒண்டும் நோகுதோ?" என்று கேட்டார், "பெரியம்மா மாதிரிக் கதை" என்று கேட்டார், கதைத்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை 'குஞ்சு' என்று கூப்பிட்டார், இதற்குமுன் அப்படிக் கூப்பிட்டது அவளுக்கு அம்மை போட்டபோது.

வியாழக்கிழமை காலை அவளுக்கு விளங்கிவிட்டது. சப்பாத்துக் காயவைக்கிற சின்ன அறையில் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பா நான் செத்திட்டன் எண்டு நினைக்கிறார்."

"தெரியும். நேற்று என்னட்டச் சொன்னவர். பிள்ளைக்குச் சொல்லிப்போடாத, தெரிஞ்சா நிக்காள் எண்டு கையெடுத்துக் கும்பிட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? அழுதனான். அதைப் பாத்து இன்னும் நம்பிட்டார்."

"உண்மையைச் சொல்லுவமோ?"

"சொன்னா?"

"போயிடுவார்."

சுகிர்தா கீரனின் ஈரச் சப்பாத்துக்குள் கடதாசியைத் திணித்தாள், திணித்ததை இழுத்தெடுத்தாள், மறுபடி திணித்தாள். "அப்ப பேசாமல் இரு. அழுதழுதெண்டாலும் இருக்கிறாரெல்லே."

ஆரபியும் அதைத்தான் விரும்பினாள். உள்ளதைச் சொல்லவேண்டும்: அரைநாள் அவளுக்கு இது பிடித்தும் இருந்தது. உயிரோடு இருந்துகொண்டு செத்தவளாக இருப்பது எந்தப் பகிடிக்காரிக்குக் கிடைக்கும்? மத்தியானம் முழுக்க வெளிறின முகத்தோடு மெதுவாக நடந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டாள். கீரனிடம், "நான் போனாப்பிறகு என்ர கைத்தொலைபேசியை நீ எடு," என்று ஐயர் குரலில் சொல்லி அவனைச் சிரிக்கவைத்தாள். பின்னேரம், விறகு அடுக்கியிருந்த பின்வளவுக்கு அப்பா தனியே போவதைக் கண்டு, உவேலியின் குரலில் திடுக்கிடவைப்பதற்காகப் பூனைபோலப் பின்னால் போனாள்.

அப்பா மலையைப் பார்த்து நின்றார். நல்லூரில் தேருக்கு முன்னால் நிற்பதுபோல இரண்டு கையும் தலைக்கு மேல்.

"முருகா, எங்கயோ பிழைச்சுப்போச்சு. ஐம்பத்திரண்டு வயசுக்காரன் நான் நிக்கிறன், பதினாறு வயசை ஏன் எடுத்தனி? மாத்திப்போடு. என்னை எடுத்துக்கொண்டு அவளை விடு. நான் ஒண்டும் கேக்கமாட்டன், பேசாமல் வருவன். அவளுக்குத் தெரியவேண்டாம், சத்தமில்லாமல் மாத்திப்போடு. இப்பவே எண்டாலும் சரி."

கண்ணீர் அவர் தாடையிலிருந்து பனியில் விழுந்தது. பனியில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அவர் திரும்பத் திரும்ப அதையே கேட்டார், கேட்டதையே கேட்டார், மலை ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. எடுத்தது அவரைத்தான், விட்டது அவளைத்தான், ஐந்து கிழமைக்கு முன்னாலேயே. கேட்கிறவருக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை. செய்தியை வழியில் மறித்து வைத்திருந்தவள் விறகுக்குப் பின்னால் நின்றாள். உவேலியின் குரல் அவள் தொண்டையில் ஏறி, திரும்பி இறங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை கடைசி நடை. இரவு முழுக்கப் பனி கொட்டி, சரிவெல்லாம் தொடையளவு மாப்போலக் கிடந்தது. அம்மாவும் கீரனும் முன்னால் போனார்கள். அப்பா படியில் நின்றார்.

"நீ முன்னால போ குஞ்சு. நான் உனக்குப் பின்னால வாறன்."

அவள் நடந்தாள். பின்னால் புஸ், புஸ் என்று அப்பா மூச்சுவிடுவது கேட்டது. கள்ளமாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு காலையும் இடுப்பளவு தூக்கி, எண்பத்தைந்து கிலோவையும் அதில் ஏற்றி, அவள் கால் எடுத்த இடத்தில் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு வந்தார். மகள் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு ஒரு தடம் தெரியவேண்டும். அதற்காக. கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டே, கண்ணை எடுத்தால் அவள் கரைந்துவிடுவாள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே, மிதித்தார். மிதித்த இடத்தில் ஒரு பொடி பனி அசையவில்லை.

ஆரபி நின்றாள். குனிந்து வாரைத் தளர்த்தத் தொடங்கினாள்.

மேலேயிருந்து அம்மா கண்டுவிட்டாள். "ஆரபி! வேண்டாம் பிள்ளை! ஆரபி, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்!"

ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். பக்கத்துப் பனியில் இறங்கினாள். பொசுக்கென்று தொடைவரை புதைந்துபோனாள்.

"ஐயோ, பிள்ளை!" அப்பா பாய்ந்து வந்தார். வந்து நின்றார். அவள் புதைந்திருக்கிற குழியைப் பார்த்தார். அது குழிதான். ஓரமெல்லாம் உடைந்து, ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் பாரம் இறங்கிய உண்மையான குழி.

"நான் புதையிறன் அப்பா. பாத்தனீங்களோ? நல்லாப் புதையிறன்."

"நீ எப்பிடி..."

"இப்ப நீங்கள் சப்பாத்தைக் கழட்டுங்கோ. கழட்டிப்போட்டுக் குதியுங்கோ."

"விசரே உனக்கு?"

"ஒருக்காக் குதியுங்கோ அப்பா."

குகநேசன் குனிந்து, தனக்கு மட்டும் இருந்த சப்பாத்தைக் கழற்றி, அடுக்காகப் பக்கத்தில் வைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். குதித்தார். மாவின் மேல் ஒரு மணிகூட உருளவில்லை. குனிந்து பார்த்தார். மறுபடி குதித்தார், கட்டிலில் கீரன் குதிப்பதுபோல இரண்டு காலையும் சேர்த்து, கையை விரித்து, இன்னும் உயரமாக. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தார். சுகிர்தாவின் தடத்தையும் கீரனின் தடத்தையும் விட்டால் அதில் ஒரேயொரு தடம் இருந்தது, அது அவள் கழற்றிப்போட்ட பெரிய சப்பாத்தின் வாசலில் வந்து முடிந்தது.

உதடு அசைந்தது. வரிசையில் நிறுத்தியிருந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து, இந்தமுறை சரியான ஆளை வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். சுகிர்தா மேலே பனியில் அப்படியே இருந்துவிட்டாள். கீரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"அப்ப, அது நீ இல்லையோ?"

"இல்லை அப்பா."

"தம்பி?"

"அவனும் இல்லை."

"அம்மா?"

"இல்லை அப்பா. ஒருத்தரும் இல்லை."

"மெய்யாச் சொல்லு. பகிடி விடாதை. உங்கள் மூண்டு பேரிலும் ஒருத்தரும் இல்லையோ?"

"அம்மாவாணை இல்லை."

"அப்ப," என்றார் குகநேசன், நெஞ்சில் ஒரு விரலை வைத்து.

ஆரபி தலையாட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மேலே இருக்கிற இரண்டு பேரையும் பார்த்தார். முதலில் தோள் ஆடியது. பிறகு வயிறு ஆடியது. பிறகு தொடையில் ஒரு அறை அறைந்து, குனிந்து, மூச்சு முட்டி, கண்ணால் தண்ணி வழிய, தும்புத்தடி ஆயிரம் வந்து இடித்தாலும் நிற்காத ஒரு சிரிப்பு அந்தச் சரிவில் புறப்பட்டது.

"நானோ!" என்றார். "அட கோதாரி, நான்தானோ! அப்பாடா!"